மண் இருந்த பத்தியம்

கறுப்பாக இருப்பதை விற்றுவிடலாம், நாறுவதையும் விற்றுவிடலாம். கறுப்பாகவும் இருந்து, நாறவும் நாறி, போதாக்குறைக்குப் பெயரும் இல்லாத ஒரு சரக்கை விற்பதற்குத்தான் தனித் திறமை வேண்டும். அந்தத் திறமை எனக்கு இருந்தது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. சந்தையில் கடை விரித்து, "இன்னா இது?" என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் தொண்டை வறளப் பதில் சொல்லி, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவர்கள் பக்கத்துக் கடையில் கத்திரிக்காய் வாங்கிப் போவதைப் பார்த்து நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

நான் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் பட்டை மேஸ்திரியாக இருந்தவன். ஷாப்பு என்றதும் கடை என்று நினைத்துவிடாதீர்கள். தோல் பதனிடும் இடத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ஆலங்காயம் காட்டிலிருந்து வண்டி வண்டியாக ஆவாரம்பட்டை வரும். அதை இடித்து, தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரில் தோலைப் போடுவார்கள். பட்டையில் இருக்கிற சாரத்தையெல்லாம் குடித்துவிட்டுத் தோல் பட்டணத்துக்கு ரயிலேறிவிடும். மிஞ்சுகிற சக்கை பாலாற்றங்கரையில் மலையாகக் குவியும். அந்தக் குவியலுக்குப் பக்கத்தில், துணி வேகவைக்கும் வெள்ளாவி அடுப்பின் சாம்பலைச் சலவைக்காரி எல்லம்மா கொட்டுவாள். ஒரு மழைக்குப் பிறகு பார்த்தேன். சாம்பலும் மக்கின சக்கையும் கலந்த இடத்திலிருந்து கறுப்பாகத் தண்ணீர் கசிந்து ஓடியிருந்தது. அது ஓடின வழியில் மட்டும் குப்பைக்கீரை என் இடுப்பு உயரத்துக்கு நின்றது. அந்த வாரமே வேலையை விட்டேன்.

செய்முறையில் ரகசியம் ஒன்றும் இல்லை. சக்கையோடு சாணியும் புங்கந்தழையும் சேர்த்து, ஈரம் காயாமல் கிளறிக் கிளறி மக்கவிட வேண்டும். மக்கினதைச் சாம்பல் தெளிநீரில் ஊறவைத்துக் கலக்கி, அடங்கவிட்டு, மேலே நிற்கும் கறுப்புச் சாற்றை மண்ணெண்ணெய் டின்னில் பிடிக்க வேண்டும். ஒரு செம்புச் சாற்றை ஒரு குடம் தண்ணீரில் கலந்து ஊற்றினால் கட்டாந்தரைகூட நாளடைவில் பொலபொலவென்று இளகும். மக்கி முடிந்தால் நாற்றம் போய்விடும் என்று நான் சொல்வேன். வாங்க வந்தவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். செய்வது நானும் எல்லம்மாவும், பேசுவது நான் மட்டும் என்பது ஏற்பாடு. என் பழைய முதலாளி கரீம் சாயபு நல்ல மனிதர். சக்கையை இனாமாகவே கொடுத்தார். "எடுத்துக்கினு போ தேவசகாயம், எனக்கு எடம் மிச்சம். வித்துப் பார்த்து பேஜாராய்ட்டா திரும்பி வந்துடு, மேஸ்திரி வேலை எங்கியும் போய்டாது" என்றார்.

ஆசிட்

என் சரக்குக்கு முதல் பெயர் வைத்தவர் விவசாய இலாகா அதிகாரி ஒருவர். ஆற்றங்கரைத் தென்னைகளைப் பார்க்க வந்தவர் என் தொட்டியையும் எட்டிப் பார்த்தார். ஒரு சொட்டை விரலில் தேய்த்தார், முகர்ந்தார், புருவத்தைத் தூக்கினார். "இதற்கு ஹியூமிக் ஆசிட் என்று பெயர். மக்கின பொருளிலிருந்து வருவது. மண்ணுக்கு நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பாட்டுக்குக் குப்பையைக் கலக்கிக்கொண்டிருக்கிறேன், அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் காத்துக்கொண்டிருந்திருக்கிறது! அன்றைக்கு எனக்குச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை.

முதல் வார்த்தை வாயில் நுழையவில்லை. அதனால் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டு, 'மண்ணை வளர்க்கும் ஆசிட்' என்று பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி வாணியம்பாடிச் சந்தையில் நட்டேன். படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொன்னார்கள். கூட்டம் சேர்ந்தது. சேர்ந்த கூட்டம் என் டின்களிலிருந்து தள்ளியே நின்றது. ஒரு தாய் தன் பிள்ளையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். ஆசிட் என்றால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒன்றுதான் தெரியும்: தட்டார் நகையில் ஊற்றிப் பார்ப்பது, கையில் பட்டால் தோல் உரிவது. பயத்தைத் தெளிய வைக்க என் விரலை டின்னுக்குள் விட்டு எடுத்துக் காட்டினேன். விரல் கரியாக வந்தது. கூட்டம் இன்னும் கொஞ்சம் பின்னால் போயிற்று. பச்சைத் தலைப்பாகை கட்டின குடியானவர் ஒருவர் மட்டும் தைரியமாகக் கிட்டே வந்து, பலகையை ஒரு தரமும் என்னை ஒரு தரமும் பார்த்தார்.

"ஏம்பா, தங்கத்துல ஊத்தினா தங்கம்தானான்னு தெரியும். மண்ணுல ஊத்தி இன்னா தெரிஞ்சுக்கப் போற, மண்ணுதான்னா?"

வெள்ளை பூத்த நிலம்

அதே சந்தையில்தான் தனகோட்டியைப் பிடித்தேன். கரீம் சாயபு ஷாப்பின் பின்புறத்தை ஒட்டின நிலத்தை விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுபவன். நிலம் ஆற்காட்டு ரெட்டியார் ஒருவருடையது. ஷாப்பிலிருந்து ஒரு கால்வாய் தனகோட்டியின் மடைக்கே நேராக வந்து சேரும். தோல் ஊறவைத்த தண்ணீர், கழுவின தண்ணீர் எல்லாம் அதில்தான் வரும். அந்தத் தண்ணீரில் சத்து இருக்கிறது என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது, நானும்தான். இறைக்க வேண்டியதில்லை, தானாக ஓடி வருகிறது. முதலில் பயிரும் கொழுகொழுவென்று வந்தது. பிறகு நிலம் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. வேர்க்கடலை போட்டான், முளைக்கவில்லை. கேழ்வரகு போட்டான், முளைத்துக் கருகிற்று. யார் கண் பட்டதோ என்று பூசணிக்காய் சுற்றி உடைத்தான். அதற்கும் நிலம் அசைந்து கொடுக்கவில்லை.

ரெட்டியார் கெடு சொல்லிவிட்டார். தைக்குள் ஒரு வெள்ளாமை கண்ணில் காட்டாவிட்டால் நிலத்தைச் சாயபுவுக்குக் கொடுத்துவிடுவார். சாயபுவுக்குத் தோல் ஊறப்போடும் சுண்ணாம்புக் குழி வெட்ட இடம் தேவையாக இருந்தது. அப்படி நடந்தால் தனகோட்டி வேறு எங்கே போவான்? தன் அப்பன் உழுத, தான் உழுத அதே இடத்தில், சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கித் தோலை மிதித்துக்கொண்டு கூலிக்கு நிற்க வேண்டும். எனக்கு மனசு கலங்கிப் போயிற்று. "நம்ம சரக்கை ஊத்து, தனகோட்டி. நான் ஜவாப்தாரி" என்று பலகையைத் தட்டிக் காட்டினேன். அவன் பலகையை உற்றுப் பார்த்தான்.

"ஆசிடா? ஏற்கெனவே வெந்துதான் கெடக்குது மேஸ்திரி. நீ வேற ஏன்?"

சாறு

பலகையில் 'ஆசிட்'டைச் சுரண்டிவிட்டு 'சாறு' என்று எழுதினேன். கரும்புச் சாறு, எலுமிச்சஞ் சாறு, மண்ணுக்கு ஊற்றும் சாறு. இதில் என்ன தப்பு வந்துவிடும் என்று நினைத்தேன். கடையைக் குடியாத்தம் சந்தைக்கு மாற்றினது ஒன்றுதான் தப்பு. அங்கே பாதி ஜனம் தெலுங்கு. அவர்களுக்குச் சாறு என்றால் ரசம்.

பலமனேர்ப் பக்கத்திலிருந்து வெல்லம் ஏற்றி வந்த வண்டிக்காரர் ஒருவர், மத்தியானம் என் கடை நிழலில் உட்கார்ந்து சோற்று மூட்டையைப் பிரித்தார். நான் ஒரு மல்லிகைத் தோட்டக்காரருக்கு மும்முரமாக விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். வண்டிக்காரர் என் பேச்சைக் கெடுக்க வேண்டாம் என்று மரியாதையாகத் தானே ஒரு கொட்டாங்கச்சியில் மொண்டு சோற்றில் விட்டுப் பிசைந்திருக்கிறார். திரும்பிப் பார்க்கிறேன், முதல் கவளம் வாய்க்குள் போய்விட்டது. பாய்ந்து போய்க் கையைப் பிடித்தேன். துப்பினார், வாயைக் கொப்பளித்தார், மறுபடி துப்பினார். எல்லம்மா தன் மோரையெல்லாம் அவருக்கு ஊற்றினாள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, கோபம்கூட வரவில்லை. என்மேல் பரிதாபம்தான் வந்தது.

"இன்னாய்யா சாறு இது! மிளகு லேது, உப்பு லேது. இத்த வித்து நீ எப்பிடிப் பொழைப்ப?"

தேங்காயின் உயரம்

வாலாஜாபேட்டையில் ஒரு முதலியார். கோயிலுக்கு நைவேத்திய அரிசி அவர் வயலிலிருந்துதான் போகும். நான் சொன்னதை நன்றாகக் கேட்டுக்கொண்டார். மண்ணைப் பற்றி அவருக்கு நிறையத் தெரிந்திருந்தது, கேள்விகளும் நல்ல கேள்விகளாக இருந்தன. ஆர்டர் கொடுக்கப் போகிறார் என்று நான் உட்கார்ந்த இடத்திலேயே நிமிர்ந்தேன். அப்போது, "பட்டை எங்கேருந்து வருது?" என்று கேட்டார். நான் பொய் சொல்வதில்லை. தோல் ஷாப்பிலிருந்து என்றேன். அவர் நாற்காலி ஒரு சாண் பின்னால் நகர்ந்தது.

தோலைத் தொட்ட பட்டை வயலுக்குள் வரக் கூடாதாம். "உங்க காலில் இருக்கற செருப்பும் எங்க ஊர்த் தோல்தானுங்களே?" என்றேன். "செருப்பு வாசலோட நின்னுடும். சோறு உள்ள வருதே" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தத் தோலில் என் கையும்தான் பட்டிருக்கிறது. அவர் சொன்னது பட்டையைப் பற்றி மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியாதா என்ன? டின்னைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். வாசல் தாண்டும்போது, "இரு இரு, கொல்லையில தென்னை மரம் இருக்குது. அதுக்கு ரெண்டு டின் எறக்கிட்டுப் போ" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. தேங்காய் மட்டும் சாமிக்குப் போகாதா என்று கேட்டேன். அவர் மரத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்து, யோசித்து, நிஜமாகவே யோசித்துச் சொன்னார்:

"தேங்கா எவ்ளோ ஒசரத்துல இருக்குது பாரு. அந்த ஒசரத்துக்குத் தீட்டு ஏறாது."

எல்லம்மாவின் யோசனை

இரண்டு பெயர்களும் கவிழ்ந்த பிறகு நான் தொட்டியடியில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சரக்கில் எனக்குச் சந்தேகமே கிடையாது. என் சொந்தக் கொல்லையில் முருங்கையும் அவரையும் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன. மனிதர்களுக்குத்தான் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. 'அமிர்தம்' என்று வைக்கலாமா, 'பூமி விருத்தி' என்று வைக்கலாமா என்று வாய்விட்டு யோசித்தேன். துடுப்பால் கலக்கிக்கொண்டிருந்த எல்லம்மா நிமிரவே இல்லை. கலக்கிக்கொண்டே சொன்னாள்.

"என் வூட்டுக்காரனுக்கு வைத்தியர் குடுக்கறதும் கறுப்பாத்தான் இருக்குது, இதவிட ஜாஸ்தி நாறுது. இன்னா இதுன்னு ஒருத்தனும் கேக்கலியே? மருந்துன்னு சொல்லு மேஸ்திரி, கண்ண மூடிக்கினு வாங்குவான்."

கன்னியம்மாவின் கேள்விகள்

'மண்ணுக்கு மருந்து' என்று எழுதினதுதான் தாமதம், டின் நகர ஆரம்பித்தது. யாரும் கிட்டே வரப் பயப்படவில்லை, யாரும் சோற்றில் விட்டுக்கொள்ளவில்லை. மருந்து நாறினால்தான் மருந்து என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒரு பெரியவர் தன் முழங்காலுக்குக் கேட்டார். எல்லம்மா முறைத்ததால் கொடுக்கவில்லை.

ஆவணி பிறந்ததும் தனகோட்டியின் சம்சாரம் கன்னியம்மா இடுப்பில் குடத்தோடு தொட்டியடிக்கே வந்துவிட்டாள். தனகோட்டி பின்னால் நின்றான். அவள் வைத்தியரிடம் கேட்பதுபோலவே கேட்டாள். காலையிலா, ராத்திரியிலா? "காலையில, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி" என்றேன். எத்தனை நாளைக்கு? "ஒரு மண்டலம்" என்றேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இப்படி ஒழுங்காகக் கேட்கிற ஆள் அதுவரை கிடைத்ததில்லை. கடைசியாக, "பத்தியம் உண்டாண்ணா?" என்றாள். அதற்குள் வேறு இரண்டு பேர் டின்னுக்கு வந்து நின்றுவிட்டார்கள். நான் அவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, "மருந்துன்னா பத்தியம் இல்லாமலா தங்கச்சி?" என்று விளையாட்டாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"சரிண்ணா. மனுஷாளுக்கு இருக்கறதுதானே? இருந்துடறோம்."

உப்பு, புளி, கறி

புரட்டாசியில் நிலத்தைப் பார்க்கப் போனேன். போனவன் வரப்பிலேயே நின்றுவிட்டேன். ஷாப்புக் கால்வாய் வந்து சேரும் மடையைக் கல்லும் மண்ணும் போட்டு இறுக அடைத்திருந்தார்கள். தனகோட்டி ஜோடி மாடு இரவல் வாங்கிக் கிணற்றில் கவலை ஓட்டிக்கொண்டிருந்தான். மாடு கட்டித் தோல் பையால் தண்ணீர் இறைப்பதைத்தான் கவலை என்போம். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்தவர்கள் வேறு அர்த்தமும் சொல்லியிருப்பார்கள். நிலம் முழுக்கத் தழை போர்த்தியிருந்தது. கன்னியம்மா துடைப்பத்தோடு வரப்பு ஓரமாகக் குனிந்து, வேலிப் புளியமரத்திலிருந்து விழுந்த இலைகளை ஒன்று விடாமல் கூட்டிக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

தானாக வரும் சத்துத் தண்ணீரை அடைத்துவிட்டு வெறும் கிணற்றுத் தண்ணீரை விட்டால் பயிர் எதைத் தின்று வளரும்? நாளைக்குக் கருகினால் யார் பெயர் கெடும்? "யாரு இப்பிடிச் செய்யச் சொன்னது? மடையைத் தொறங்க!" என்று கத்தினேன். கன்னியம்மா நிதானமாக நிமிர்ந்தாள். நான்தான் சொன்னேனாம். மருந்து சாப்பிடும்போது உப்பு ஆகாது. ஷாப்புத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தாளாம், உப்புக் கரித்ததாம். புளி ஆகாது, அதனால் புளிய இலை. கறி மீன் ஆகாது; அதனால் தோலிலிருந்து சுரண்டின சதையை எருவாகப் போடுவதை நிறுத்தியாயிற்று. மருந்து குடித்தவர்கள் வெயிலில் நிற்கக் கூடாது. அதற்குத்தான் தழைப் போர்வை. நான் எத்தனையோ வருஷம் உப்பு போட்ட பச்சைத் தோலை வண்டியிலிருந்து இறக்கியவன். அந்த உப்பெல்லாம் கழுவின பிறகு எங்கே போகிறது என்று அதுவரை யோசித்ததில்லை. அன்றைக்கும் யோசிக்கவில்லை. கோபம்தான் வந்தது. இவர்களுடைய பைத்தியக்காரத்தனத்தில் என் மருந்து கெட்ட பெயர் வாங்கப் போகிறதே என்று கத்திக்கொண்டே இருந்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உப்பு, புளி, கறி, மூணும் நிறுத்தியாச்சு. எங்க பக்கம் குத்தம் இல்லே. நீ மருந்துல தண்ணி கலக்காம குடுண்ணா, போதும்."

இளைத்தது யார்

மண்டலம் முடிந்து கேழ்வரகு விதைத்தார்கள். மடையைத் திறந்துவிடுவார்கள் என்று பார்த்தேன், திறக்கவில்லை. மருந்தை ஆள் எழுந்து நடக்கும்வரை நிறுத்தக் கூடாது, பத்தியத்தையும் விடக் கூடாது என்று கன்னியம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அதனால் நான் மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தேன், தனகோட்டி இறைத்துக்கொண்டே இருந்தான். தோள் காய்த்துப் போயிற்று, கன்னம் உள்ளே போயிற்று. வீட்டிலும் பேச்சு வார்த்தை கம்மி. எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஐப்பசி மழை வந்து இரண்டு நாள் மாட்டை அவிழ்த்துவிட்டபோது, ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு என் தொட்டியடிக்கு வந்து உட்கார்ந்தான். மழைத் தண்ணீரையும் நிலத்தில் தேங்கவிடாமல் வெளியே வெட்டிவிடச் சொல்லிவிட்டாளாம் கன்னியம்மா. காய்ச்சல்காரன் குளித்த தண்ணீரில் உட்காரலாமா என்று கேட்டாளாம். அதைச் சொல்லிவிட்டுத் துண்டைப் பிழிந்துகொண்டே கேட்டான்.

"பத்தியம் இருக்கறது நெலம்னுதானே மேஸ்திரி சொன்ன? இளைக்கறது இன்னாத்துக்கு நானா இருக்குது?"

தை

தை பிறந்ததும் ரெட்டியார் ஆற்காட்டிலிருந்து வில்வண்டியில் வந்தார். சாயபுவும் வந்தார், சுண்ணாம்புக் குழி வெட்டுகிற ஆளையும் அளவுக் கயிற்றையும் கூடவே கூட்டிக்கொண்டு. தனகோட்டி வரப்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கன்னியம்மா தள்ளி, புளியமரத்தடியில் நின்றாள்.

நிலம் வெள்ளையாக இல்லை. அங்கங்கே சில திட்டுகள் சொட்டையாக இருந்தன, அது உண்மை. மற்ற இடமெல்லாம் கேழ்வரகு கதிர் முற்றிக் கை விரல்களை மடக்கினதுபோல் குவிந்து நின்றது. ரெட்டியார் உள்ளே இறங்கினார். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து நசுக்கினார். போன வருஷம் கல்லாக இருந்த மண், விரலிடுக்கில் கறுப்பாக உதிர்ந்தது. மறுபடி ஒரு பிடி எடுத்தார். உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்குக் கண் கொஞ்சம் கலங்கிற்று. ரெட்டியார் கையைத் தட்டிவிட்டு, அளவுக் கயிறு வைத்திருந்த ஆளைப் பார்த்துச் சொன்னார்:

"கயித்த சுத்திக்கோப்பா. கதிர் நிக்கற நெலத்துல குழி வெட்டி நான் இன்னா நல்லா இருக்கப் போறேன்? தனகோட்டியே உழுவட்டும்."

மறுபத்தியம்

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் அடக்கமாக இருக்க முயற்சி செய்யவில்லை. மருந்தின் மகிமையை ரெட்டியாருக்கு எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் கன்னியம்மா குறுக்கே வந்து, "அண்ணா, மருந்து முடிஞ்சா மறுபத்தியம்னு ஒண்ணு இருக்குமே, அது எத்தினி நாளு?" என்றாள். மருந்தை நிறுத்தின பிறகும் கொஞ்ச நாள் வாயைக் கட்டுவார்களே, அதைத்தான் கேட்டாள். ஒரு மண்டலம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ரெட்டியார் கையில் உதிர்ந்த மண் கண்ணுக்கு முன்னால் இருந்தது. அடைத்த மடைக்கு அந்தப் பக்கம், கால்வாய் ஓரம் முழுக்க, போன வருஷம் இந்த நிலத்தில் பூத்த அதே வெள்ளை பூத்திருந்தது. அந்த வெள்ளை ஷாப்புத் தண்ணீரின் உப்பு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மடையைத் திறந்தால் நிலம் அடுத்த தைக்குள் பழையபடி ஆகிவிடும். அந்தத் தண்ணீர் கரீம் சாயபுவுடையது. என் சக்கையும் கரீம் சாயபுவுடையது. சாயபு என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"ஆயுசுக்கும்" என்றேன். "இந்த நெலத்துக்கு உப்பு ஆயுசுக்கும் ஆகாது தங்கச்சி. மடையைத் தொறக்கவே கூடாது." தனகோட்டி அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டான், சந்தோஷத்திலா, இனி இறைக்க வேண்டிய தண்ணீரை நினைத்தா, தெரியவில்லை. ரெட்டியார் தலையை ஆட்டி, கவலைக்கு ஒரு ஜோடி மாடு தான் அனுப்புவதாகச் சொன்னார். சாயபுவுக்கு என் பேச்சு நன்றாகவே புரிந்துவிட்டது. அடைத்த நாளிலிருந்து பக்கத்துப் பள்ளத்தில் தேங்கின தண்ணீர், பள்ளம் நிரம்பி, இப்போது ஷாப்பின் பின்கதவையே முட்டிக்கொண்டிருந்தது. இனிமேல் அவர் தன் தரிசில் தனியாகக் குட்டை வெட்டி அதை அங்கே திருப்ப வேண்டும். சக்கைக்கு இன்றோடு முழுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

குட்டை வெட்டினார். வெட்டின மண்ணைக் கொட்ட என் சக்கைக் குவியலுக்குப் பக்கத்தில்தான் இடம் பார்த்தார். நான் பயந்துகொண்டே போய் நின்றேன். அவர் என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார், முறைத்தார், பிறகு தாங்க முடியாமல் சிரித்துவிட்டார். வண்டிக்காரனைக் கூப்பிட்டு அன்றைய சக்கையை என் தொட்டியடியிலேயே கொட்டச் சொன்னார். போகும்போது திரும்பி நின்று கேட்டார்:

"அரே தேவசகாயம், மருந்து குடிச்சது அவன் நெலம். பத்தியம் இருக்கறது என் ஷாப்பா?"

மண்ணுக்கு நான் விற்ற சரக்கு நல்ல சரக்குதான், எந்தச் சந்தையில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். ஆனால் அதைவிட நன்றாக வேலை செய்தது அதற்கு எல்லம்மா வைத்த பெயர்.